ஒரே பாட்டிலில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும்: கண் சொட்டு மருந்தில் கவனிக்க வேண்டியவை

5 மில்லி கண் மருந்து பாட்டிலில் ஏறத்தாழ 100 சொட்டு இருக்கும். ஒரு கண்ணில், நாளுக்கு 4 தடவை, 7 நாள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் செலவாவது 28 சொட்டுதான். முறையாக விட்டு முடித்தாலும் எழுபது சொட்டு மிஞ்சும். அந்த மிச்சம் ஃபிரிட்ஜ் கதவில், ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆறு மாதம் கழித்து வீட்டில் வேறு யாருக்காவது கண் சிவந்தால், “போன தடவ இதத்தான போட்டோம், ரெண்டே நாள்ல சரியாச்சே” என்று கை அதைத்தான் தேடும். கண் மருந்து எடுத்துக் கொடுக்கும் கவுண்டரில் வேலை செய்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வெறும் ஆன்டிபயாட்டிக் சொட்டாக இருந்தால் பெரும்பாலும் பெரிய கேடு வந்துவிடாது. ஸ்டீராய்டு கலந்த சொட்டாக இருந்தால் அதே பழக்கம் பார்வையையே பறித்துவிடலாம்.

சிங்கப்பூரில் இந்த வகையில் டோப்ராடெக்ஸ், மாக்சிட்ரால் போன்ற பெயர்கள் பலருக்கும் தெரிந்தவை. டோப்ராடெக்ஸில் ஒரு மில்லிக்கு 3 மில்லிகிராம் டோப்ராமைசின், 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன். முதலாவது ஆன்டிபயாட்டிக், இரண்டாவது ஸ்டீராய்டு. மாக்சிட்ராலில் அதே டெக்ஸாமெத்தசோனுடன் நியோமைசின், பாலிமிக்சின்-பி என்று இரண்டு ஆன்டிபயாட்டிக். ஸ்டீராய்டு கண் சொட்டு எதுவானாலும் இங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. இந்தச் சின்னப் பாட்டிலுக்கு எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் உண்டு. காரணம் டெக்ஸாமெத்தசோனில் இருக்கிறது.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்கிறது, அல்லது பெருகவிடாமல் தடுக்கிறது. ஸ்டீராய்டு கிருமியைத் தொடுவதே இல்லை. கிருமியை எதிர்த்து நம் உடம்பு காட்டும் சிவப்பு, வீக்கம், எரிச்சலை அடக்குகிறது. அந்த எதிர்ப்பு அளவு மீறினால் கருவிழியில் தழும்பு விழும் என்பதால் அடக்க வேண்டிய நேரங்கள் உண்மையிலேயே உண்டு. ஆனால் இரண்டு மருந்துக்கும் கணக்கு வேறு. ஆன்டிபயாட்டிக்கை முழு அளவில் விட்டு, குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்த வேண்டும். நாளுக்கு ஒரு சொட்டு என்று இழுத்துக்கொண்டே போனால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். பல நாள் விட்ட ஸ்டீராய்டுக்கு இது நேர் எதிர். அதைத் திடீரென்று நிறுத்தினால் அழற்சி திரும்ப எழும்பும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வேகம் ஒத்துப்போகாத இரண்டு மாட்டை ஒரே நுகத்தில் பூட்டிய மாதிரிதான் இந்தப் பாட்டில். அதனால் இது குறுகிய காலத்துக்குப் பொருத்தமான மருந்து. வாரக்கணக்கில் ஸ்டீராய்டு தேவைப்பட்டால் நல்ல கண் டாக்டர் ஒரு கட்டத்தில் கூட்டு மருந்தை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டைத் தனியாகக் கொடுப்பார். பாட்டில் மாறியதும் “தப்பா குடுத்துட்டாங்களோ” என்று பழையதற்கே திரும்பிவிடாதீர்கள்.

கூட்டு மருந்து நன்றாக வேலை செய்யும் இடங்கள் சில உண்டு. கண்புரை அறுவைக்குப் பிறகு, இமை விளிம்பு தடித்து எரியும் பிளெஃபரைட்டிஸ் முற்றும்போது, அந்த இமைக் கிருமியின் எதிரொலியாகக் கருவிழி ஓரத்தில் சிறு வெண்புள்ளி தோன்றும்போது. மூன்றிலும் பொதுவானது ஒன்றுதான்: ஸ்டீராய்டு தேவை என்பது உறுதியாகத் தெரியும், கூடவே பாக்டீரியா இருக்கிறது, அல்லது நுழைய வாய்ப்பிருக்கிறது. கண் ஏன் சிவந்தது என்றே தெரியாதபோது ‘எதுக்கும் ரெண்டும் இருக்கட்டும்’ என்று விடுவதற்கு இது ஏற்றதல்ல.

தவறினால் என்ன ஆகும் என்பதில் முதலில் சொல்ல வேண்டியது ஹெர்ப்பிஸ் வைரஸ். உதட்டோரம் கொப்புளம் போடும் அதே வைரஸ் கருவிழியிலும் புண் போடும். பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். சிவப்பு, கூச்சம், லேசான மங்கல், கண்ணீர் வடிதல். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கண்வலி போலவே இருக்கும். ஆரஞ்சு நிறச் சாயத்தை, ஃப்ளூரசின் என்பார்கள், கண்ணில் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால்தான் மரக்கிளை போலப் பிரிந்த பச்சைக் கோடு தெரியும். அந்தப் புண்ணின் மேல் ஸ்டீராய்டு விழுந்தால் வைரஸ் தங்குதடையின்றிப் பரவும். கிளைக்கோடு அகன்ற புண்ணாகிவிடும். சாயம் போட்டு, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்க்காமல் யாரும் ஸ்டீராய்டு எழுதக்கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. அக்கம்பக்கத்து கிளினிக்குகள் பலவற்றில் அந்தக் கருவி இருக்காது. அங்கே ஸ்டீராய்டு கலந்த சொட்டு கொடுத்தால், “சாயம் போட்டுப் பார்த்தீங்களா டாக்டர்?” என்று மரியாதையாகக் கேட்கலாம். முன்பு கண்ணில் ஹெர்ப்பிஸ் வந்திருந்தாலோ, நெற்றியிலோ மூக்கு நுனியிலோ அக்கி போட்டிருந்தாலோ, கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பூஞ்சை. சிங்கப்பூர் இதைக் கண்ணெதிரே கண்டிருக்கிறது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் கான்டாக்ட் லென்ஸ் போடுகிற அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஃபியூசேரியம் என்ற பூஞ்சையால் கருவிழிப் புண் வந்தது. பூஞ்சை மேல் டோப்ராமைசினும் நியோமைசினும் வேலை செய்யாது. டெக்ஸாமெத்தசோன் அதற்கு வழிதான் விட்டுக்கொடுக்கும். இதில் கொடுமை என்னவென்றால், முதல் இரண்டு மூன்று நாள் கண் தேறிவிட்டது போலத் தோன்றும். சிவப்பு வடியும், வலி குறையும். உள்ளே புண் ஆழமாகிக்கொண்டிருக்கும். ‘மருந்து கேட்குது’ என்று மேலும் நாலு நாள் விட்டுவிட்டு வரும்போது கருவிழியில் வெள்ளைத் திட்டு உட்கார்ந்திருக்கும்.

லென்ஸ் போடுகிறவர்களுக்குக் கண் வலித்தால் முதல் வேலை லென்ஸைக் கழற்றுவது. கழற்றியதைத் தூக்கிப் போட வேண்டாம். டப்பா, கரைசல் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனால் அதிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்க முடியும். சூடோமோனஸ் என்ற பாக்டீரியா பிடித்திருந்தால் ஓரிரு நாளிலேயே கருவிழியை அரித்துவிடும். அதனால் லென்ஸ், வலி, மங்கல் மூன்றும் சேர்ந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மறுநாள் வரை பொறுக்கக்கூடாது.

கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கிரைண்டிங் செய்யும்போது இரும்புத் துகள் தெறித்துக் கருவிழியில் குத்திக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. தங்குவிடுதியில் யாரிடமாவது ஊரிலிருந்து கொண்டுவந்த சொட்டு இருக்கும். அதை விட்டதும் எரிச்சல் அடங்கும், மறுநாள் வேலைக்குப் போகலாம். ஆனால் துகள் அங்கேயேதான் இருக்கும். சுற்றித் துருவளையம் கட்டும். கீறல் ஆறுவதை ஸ்டீராய்டு தாமதப்படுத்தும். முதலில் துகளை எடுக்க வேண்டும், அதன் பிறகுதான் மருந்து. புல் வெட்டும்போதோ மரக்கிளை கழிக்கும்போதோ இலை, குச்சி பட்டிருந்தால் பூஞ்சை பயம் இன்னும் அதிகம். நந்தியாவட்டைப் பூச்சாறோ தாய்ப்பாலோ விட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள். எந்தக் கிருமியைத் தேடுவது என்று முடிவு செய்ய அந்தத் தகவல் உதவும்.

பாக்டீரியாவால் வந்த புண் என்று உறுதியான பிறகும் ஸ்டீராய்டுக்கு அவசரம் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனைகளில் பெருமளவில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் 500 பேர் கலந்துகொண்டார்கள். முதல் 48 மணி நேரம் எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் மட்டும். அதன் பிறகே பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மொத்தக் கணக்கில் ஸ்டீராய்டு சேர்த்தவர்களின் பார்வை மற்றவர்களைவிட மேம்பட்டிருக்கவில்லை. கண் வார்டில் ஆன்டிபயாட்டிக்கை மட்டும் மணிக்கொரு தடவை விட்டு, ஸ்டீராய்டை நிறுத்தி வைத்தால் அது கவனக்குறைவு அல்ல.

மெட்ராஸ் ஐ என்று நாம் சொல்லும் தொற்றுக் கண்வலி பெரும்பாலும் அடினோவைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாட்டிக் பயன்படாது. ஸ்டீராய்டு, வைரஸ் கண்ணில் தங்கும் காலத்தை நீட்டிக்கக்கூடும். குளிர்ந்த ஒத்தடம், செயற்கைக் கண்ணீர், தனித் துண்டு, கை கழுவுதல். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். கருவிழியில் புள்ளி விழுந்து பார்வை மங்கினால் மட்டும் கண் டாக்டர் ஸ்டீராய்டு பற்றி யோசிப்பார்.

கிருமிக் கதை இல்லாமலேயே ஸ்டீராய்டு செய்யும் இன்னொரு தீங்கு, கண் அழுத்தம். இயல்பான அளவு 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம். ஸ்டீராய்டு சொட்டைத் தொடர்ந்து விட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அழுத்தம் ஓரளவு ஏறும். இருபதில் ஒருவருக்கு மிக அதிகமாக ஏறும். பெரும்பாலும் 2 முதல் 6 வாரத்துக்குள் இது நடக்கும். ஏறும்போது வலிக்காது, சிவக்காது, பார்வையிலும் ஒன்றும் தெரியாது. தெரியவரும் நாளில் பார்வை நரம்பு கெட்டிருக்கும், கெட்டது திரும்பாது. 10 நாளுக்கு மேல் விடுவதானால் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும் என்று மருந்துத் தாளிலேயே போட்டிருக்கிறது. குடும்பத்தில் கிளாக்கோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) உள்ளவர்கள், நீரிழிவுக்காரர்கள், அதிகக் கிட்டப்பார்வைக்காரர்கள், குழந்தைகள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். தடித்த கண்ணாடி போட்ட பிள்ளைகள் நிறைந்த ஊர் இது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். ஒவ்வாமையில் கண் அரிக்கும் குழந்தைக்கு, அரிப்பு நின்றுவிடுகிறது என்பதற்காகப் பழைய ஸ்டீராய்டு சொட்டை மாதக்கணக்கில் விட்டால் கிளாக்கோமாவும் கண்புரையும் சேர்ந்தே வரலாம்.

நியோமைசின் கலந்த மருந்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. நாலைந்து நாள் நன்றாக இருந்து, பிறகு இமைத்தோல் சிவந்து, சொரசொரவென்று உரிந்து அரிக்கும். கண்வலி முற்றுகிறது என்று நினைத்து இன்னும் இரண்டு சொட்டு கூட்டி விடுவார்கள்; அரிப்பு இன்னும் ஏறும். கிருமியால் முற்றினால் பீளையும் வலியும் கூடும். ஒவ்வாமை என்றால் அரிப்பும் தோல் உரிதலும்தான் தூக்கலாகத் தெரியும். சந்தேகம் வந்தால் மருந்து கொடுத்த இடத்துக்கு அன்றே போன் செய்யுங்கள்.

இனி விடும் முறை. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டோப்ராடெக்ஸ், மாக்சிட்ரால் இரண்டும் தெளிந்த நீர் அல்ல. ஸ்டீராய்டு துகளாக மிதக்கும், வைத்தால் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் விட்டால் முதல் வாரம் கண்ணுக்குப் போவது பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக், கடைசி வாரம் போவது கெட்டியான ஸ்டீராய்டு. மூடியைத் திறப்பதற்கு முன் பத்து நொடி நன்றாகக் குலுக்குங்கள். தலையைப் பின்னால் சாய்த்து, கீழிமையை ஒரு விரலால் இழுத்தால் சிறு பை போலத் திறக்கும். மேலே பார்த்துக்கொண்டு, அந்தப் பைக்கு இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் பாட்டிலைப் பிடித்து ஒரே ஒரு சொட்டு. ஒரு சொட்டு ஏறத்தாழ 50 மைக்ரோலிட்டர். கண் தாங்குவது ஏறத்தாழ 30 மைக்ரோலிட்டர். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். சொட்டியதும் கண்ணை மெல்ல மூடுங்கள். இறுக்கிச் சிமிட்டினால் மருந்து வெளியே வந்துவிடும். மூக்கை ஒட்டிய கண் மூலையை ஆள்காட்டி விரலால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். தொண்டையில் கசப்பு தெரிந்தால் மருந்து மூக்கு வழியாக இறங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த தடவை இன்னும் சரியாக அழுத்துங்கள்.

பாட்டில் நுனி இமை மயிரில் பட்டால் அங்கிருந்து கிருமி பாட்டிலுக்குள் போகும். நுனியைத் தண்ணீரில் கழுவுவதும் டிஷ்யூவால் துடைப்பதும் கூடாது. கை நடுங்கும் தாத்தா பாட்டிகளைப் படுக்க வைத்து, பாட்டில் பிடித்த கையை அவர்கள் நெற்றியில் ஊன்றிக்கொண்டு விடலாம். திமிறும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, மூடிய கண்ணின் உள்மூலையில் சொட்டுங்கள். கண்ணைத் திறக்கும்போது உள்ளே இறங்கிவிடும். வேறு சொட்டும் இருந்தால் நடுவில் 5 நிமிடம் இடைவெளி. களிம்பு எப்போதும் கடைசியில், சொட்டு விட்டுப் பத்து நிமிடம் கழித்து, கீழிமைப் பைக்குள் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு. பார்வை கொஞ்ச நேரம் மங்கலாகத்தான் இருக்கும் என்பதால் படுக்கப் போகும்போது போடுவது நல்லது. சிகிச்சை முடியும் வரை கான்டாக்ட் லென்ஸ் வேண்டாம்.

கண்புரை அறுவைக்குப் பிறகு தனி ஸ்டீராய்டு சொட்டை முதல் வாரம் 4 தடவை, அடுத்த வாரம் 3, பிறகு 2, பிறகு 1 என்று குறைப்பது வழக்கமான முறைகளில் ஒன்று. உங்களுக்கு எழுதியது வேறாக இருந்தால் அதுதான் உங்கள் கணக்கு. இதை நாட்காட்டியில் தேதி போட்டு எழுதி, வீட்டில் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணுக்குப் புரியும் மொழியிலும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். மூடி நிறத்தை மட்டும் வைத்து அடையாளம் சொல்லாதீர்கள்; நிறுவனம் மாறினால் நிறமும் மாறலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் விடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததைத் தவிர்த்துவிடுங்கள், இரண்டையும் சேர்க்க வேண்டாம். கண் வெளுத்துவிட்டது என்று நடுவில் நிறுத்துவதும் தவறு, தீரும் வரை விடுவோம் என்று இழுப்பதும் தவறு.

ஊரிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வாங்கி வந்த பாட்டில் கையில் இருந்தால் பெரிய எழுத்துப் பெயரைப் பார்க்காமல் அடியில் பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பட்டியலைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிப்ரெட்னால், டைஃப்ளூப்ரெட்னேட், இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு. இந்திய மருந்துகளில் ஒரே பெயரின் வாலில் ‘டி’, ‘டிஎக்ஸ்’, ‘எல்பி’ என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக்குடன் ஸ்டீராய்டு சேர்ந்திருக்கிறது என்று பொருள். வால் இல்லாத பாட்டில் பெரும்பாலும் வெறும் ஆன்டிபயாட்டிக். இரண்டு அட்டையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ‘கண்/காது’ என்று போட்ட மருந்தை யார் காதிலாவது விட்டிருந்தால் அது காதுக்குத்தான். அதே பாட்டிலைக் கண்ணுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

திறந்த அன்றே பாட்டிலில் தேதி எழுதுங்கள். 28 நாளுக்குப் பிறகு, எவ்வளவு மிச்சம் இருந்தாலும் வைத்திருக்கக்கூடாது. டாக்டர் சொன்ன நாள் அதற்கு முன்பே முடிந்தால் அன்றைக்கே தூக்கிப் போடுங்கள். சிங்க்கில் ஊற்ற வேண்டாம்; மூடியை இறுக்கி, பெயர் ஒட்டிய லேபிளைக் கிழித்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டால் போதும். இங்கே வீட்டுக் குப்பை எரியுலைக்குத்தான் போகிறது. உபயோகத்தில் இருக்கும் பாட்டிலை வெயிலில் நிறுத்திய காரில் விட்டுவைக்காதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள்.

மருந்து ஆரம்பித்து 48 மணி நேரம் ஆகியும் கண் தேறவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும். வலி கூடினாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ 48 மணி வரைகூடக் காத்திருக்கக்கூடாது. கண் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பாலிகிளினிக்கில் முன்பதிவு கிடைக்கும் நாளை எண்ணிக்கொண்டிராமல் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது விட்டுக்கொண்டிருந்த எல்லாப் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள், ஊரில் வாங்கியது உட்பட. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, நாளுக்கு எத்தனை தடவை, கடைசியாக எத்தனை மணிக்கு விட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.